திறந்து வைத்ததும் சேமித்து வைத்ததும்

நம் கூட்டுறவுச் சங்க அலுவலகங்களில் சிட்டாவும் பேரேடும் இருந்த மேசையின் மீதே இன்று கணிப்பொறியும் வந்து அமர்ந்துவிட்டது. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் அறுபத்து மூவாயிரத்தைக் கணிப்பொறி மயமாக்குவதற்காக 2,516 கோடி ரூபாய்த் திட்டம் ஒன்றுக்கு மத்திய அரசு 2022 ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஒப்புதல் அளித்தது. நெசவாளர் சங்கங்களிலோ நூல் விலையை அறிவதும், உதவித் திட்டங்களுக்கு விண்ணப்பிப்பதும், 2019 இல் புவிசார் குறியீடு பெற்ற நம் காரைக்குடிக் கண்டாங்கிச் சேலையைப் பற்றி வெளியூரார் கேட்டால் விடை எழுதுவதும் இக்கருவியின் வழியாகவே நடைபெறுகின்றன. கருவி வந்துவிட்டது, அதைக் கையாளும் ஒழுங்கும் உடன் வரவேண்டும். அவ்வொழுங்கில் ஒரு பகுதியை இப்பாடத்தில் ஆராய்வோம்.

இணையப் பக்கங்களைத் திறந்து காட்டும் செயலிக்கு உலாவி என்று பெயர். குரோம், ஃபயர்பாக்ஸ், எட்ஜ் என்பன அங்கத்தினர்களிற் பலர் அறிந்த உலாவிகளாம். ஓர் உலாவியில் ஒரே வேளையில் பல பக்கங்களைத் திறந்து வைக்கலாம். ஒவ்வொரு பக்கத்துக்கும் மேல் விளிம்பில் ஒரு சிறு தலைச்சீட்டுத் தோன்றும். அதனை டேப் என்பர். தாவல் என்று தமிழில் எழுதுவோரும் உளர். ஒரு வேளையில் திறந்திருக்கும் டேப்கள் அனைத்தும் சேர்ந்தது ஓர் அமர்வு எனப்படும்.

ஒரு சங்கத்தில் நடந்தது

நமக்கு அறிமுகமான சங்கம் ஒன்றில் நடந்ததை முதலில் கூறுவோம். சங்கத்தின் பெயர் ஈண்டு வேண்டுவதில்லை. அங்கத்தினர் பதினொருவருக்காக உதவித் தொகை விண்ணப்பம் ஒன்றை எழுத்தர் நிரப்பிக்கொண்டிருந்தார். விண்ணப்பப் பக்கம் ஒரு டேப்பிலும், விதிகள் ஒன்றிலும், வங்கிக் கிளைகளின் குறியீட்டுப் பட்டியல் ஒன்றிலுமாகப் பதினான்கு பக்கங்கள் திறந்திருந்தன. பிற்பகலில் மின்சாரம் நின்றது. மாலை வரை அது திரும்பாமையால் அவர் வீட்டுக்குச் சென்றார். மறுநாட் காலையில் முன்னதாக வந்த வேறொரு பணியாளர், கணிப்பொறியை இயக்கி, உலாவியைத் திறந்து, மழை நிலவரம் பார்த்துவிட்டு மூடினார். பின்னர் மீண்டும் ஒரு முறை அவ்வாறே திறந்து மூடினார். எழுத்தர் வந்து பார்த்தபோது நேற்றைய பதினான்கு பக்கங்களில் ஒன்றேனும் மீளவில்லை. விண்ணப்பத்துக்கு அன்றே கடைசி நாள். இரவு வரை அமர்ந்து ஒன்பது பேருக்கு மீண்டும் நிரப்பினார்கள். எஞ்சிய இருவர் தம் சான்றுகளை முன்தினமே வீட்டுக்கு எடுத்துச் சென்றுவிட்டனர். அவ்விருவருக்கும் அந்த முறை உதவித் தொகை இல்லையாயிற்று.

குறை மின்சாரத்தினுடையதன்று, காலையில் வந்த பணியாளருடையதும் அன்று. திறந்து வைத்திருந்ததைச் சேமித்து வைத்ததாக எண்ணியதே குறை. இவ்விரண்டுக்கும் உள்ள வேற்றுமையை அறிந்துகொண்டால் இத்தகைய இழப்பைத் தவிர்க்கலாம்.

உலாவி எதை நினைவில் வைக்கிறது?

தறியில் பாவு தீரும் தறுவாயில் நெசவாளர் என்ன செய்கின்றனர் என்பதை நினைவுகூர்வோம். விழுதிலும் பண்ணையிலும் கோத்த இழைகளை அவர் உருவி எறிந்துவிடுவதில்லை. பழைய பாவின் நுனிகளை அப்படியே விட்டுவைத்துப் புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாக அவற்றோடு பிணைக்கிறார். நுனி இருந்தால் இழை கோக்கும் வேலை முழுவதையும் மறுபடி தொடங்க வேண்டுவதில்லை. நுனியை அறுத்துவிட்டால் ஆயிரக்கணக்கான இழைகளையும் மீண்டும் கோத்தாக வேண்டும்.

உலாவி செய்வதும் ஏறக்குறைய இதுவே. திறந்திருக்கும் ஒவ்வொரு பக்கத்தின் முகவரி, டேப்கள் நின்ற வரிசை, ஒரு டேப்பில் முன்பு கடந்து வந்த பக்கங்கள் ஆகியவற்றை அது கணிப்பொறியின் வட்டில் அவ்வப்போது எழுதி வைக்கிறது. ஃபயர்பாக்ஸ் உலாவி பதினைந்து விநாடிகளுக்கு ஒரு முறை இவ்வாறு எழுதுமாறு அமைக்கப்பட்டுள்ளது. ஆதலின் மின்சாரம் திடீரென நின்றாலும் கடைசிச் சில விநாடிகளின் குறிப்பு மட்டுமே நழுவும். இவ்வசதி தொடக்கத்திலிருந்தே எல்லா உலாவிகளிலும் இருந்ததன்று. ஃபயர்பாக்ஸில் 2006 ஆம் ஆண்டு அக்டோபரில் வெளிவந்த இரண்டாம் பதிப்பிலேதான் அது உலாவியின் உள்ளுறுப்பாக அமைந்தது.

ஆயினும் உலாவி வைத்திருப்பது இழை நுனியே அன்றி நெய்த துணியன்று. அமர்வை மீட்கும்போது அது பழைய முகவரிக்கு மீண்டும் சென்று அப்பக்கத்தைப் புதிதாகக் கொண்டுவருகிறது. அங்கே நாம் தட்டச்சுச் செய்த எழுத்துகள் சில வேளைகளில் திரும்பி வரும். பல வேளைகளில் வாரா. கடவுச்சொல் இட்டுப் புகுந்த தளங்களில் இச்சிக்கல் மேலும் ஒரு படி கூடும். அதன் காரணத்தையும் அறிந்துகொள்வது நலம்.

இணையத்தில் பக்கங்களை வழங்கும் கணிப்பொறி, இயல்பாக ஒருவரையும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை. ஒவ்வொரு முறை கேட்கும்போதும் நாம் அதற்குப் புதியவரே. இக்குறையை நீக்க, நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பணியாற்றிய லூ மோன்டுல்லி என்பவர் 1994 இல் ஒரு வழி கண்டார். புகும்போது தளம் ஒரு சிறு அடையாளச் சீட்டை நம் உலாவியிடம் கொடுத்து வைக்கும். அடுத்த முறை உலாவி அச்சீட்டைக் காட்டும். இதனைக் குக்கி என்பர். வங்கித் தளங்களும் அரசுத் தளங்கள் பலவும், சிறிது நேரம் நாம் ஒன்றும் செய்யாதிருந்தால் அச்சீட்டைச் செல்லாததாக்கிவிடுகின்றன. அதன் பின் உலாவி பக்கத்தை எவ்வளவு நேர்த்தியாக மீட்டாலும் அங்கே தோன்றுவது நுழைவாயிலேயன்றி நாம் பாதி நிரப்பிய விண்ணப்பமன்று.

இழந்ததை மீட்கும் வரிசை

பக்கங்கள் மறைந்துவிட்டால் பதறாமல் கீழ்க்கண்ட வரிசையில் முயலுக.

முதலாவதாக, வேறு வேலை எதையும் அந்த உலாவியில் தொடங்கக் கூடாது. கடைசி அமர்வின் குறிப்பையே உலாவி முதன்மையாக வைத்துக்கொள்கிறது. நாம் புதிதாகச் சில பக்கங்களைத் திறந்து மூடினால் அவையே கடைசி அமர்வாகிவிடும். பழைய குறிப்பின் மீது புதியது எழுதப்படலாம். மேற்கூறிய சங்கத்தில் நேர்ந்ததும் இதுவே. எதிர்பாராமல் நின்ற உலாவி மீண்டும் திறக்கும்போது, பழைய பக்கங்களை மீட்கவேண்டுமா என்று தானே கேட்பதுண்டு. அவ்வினாவைப் படியாமல் தள்ளிவிடுதல் தவறு.

இரண்டாவதாக, கன்ட்ரோல், ஷிஃப்ட் ஆகிய இரு விசைகளையும் அழுத்திக்கொண்டு, ஆங்கில நெடுங்கணக்கின் இருபதாம் எழுத்தாகிய ‘டீ’யைத் தட்டுக. கடைசியாக மூடிய டேப் திரும்பி வரும். மீண்டும் மீண்டும் தட்டினால் அதற்கு முன் மூடியவையும் ஒவ்வொன்றாக வரும். குரோம், எட்ஜ், ஃபயர்பாக்ஸ் மூன்றிலும் இதே விசைகள்தாம்.

மூன்றாவதாக, ஃபயர்பாக்ஸ் உபயோகிப்போர் வரலாறு என்னும் பட்டியலைத் திறந்தால், முந்தைய அமர்வை மீட்பதற்கென்றே ஒரு கட்டளை இருப்பதைக் காண்பர். அதனைச் சொடுக்கினால் எல்லாப் பக்கங்களும் ஒரு சேரத் திரும்பும்.

நான்காவதாக, இவை யாவும் பயன் தராவிடில், கன்ட்ரோல் விசையுடன் எட்டாம் எழுத்தாகிய ‘எச்’சைத் தட்டுக. நாம் சென்று பார்த்த பக்கங்களின் பட்டியல் நாள்வாரியாகத் தோன்றும். தளத்தின் பெயரை இட்டுத் தேடவும் செய்யலாம். அமர்வின் குறிப்பு அழிந்தாலும் இப்பட்டியல் பெரும்பாலும் எஞ்சியிருக்கும். கைப்பேசியில் குரோம் உலாவியை உபயோகிப்போர், மூலையிலுள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டால் அண்மையில் மூடிய பக்கங்களையும் இவ்வரலாற்றையும் அங்கே காணலாம்.

இரண்டு இடங்களில் மட்டும் மீட்பு இல்லை. மறைநிலைச் சாளரத்தில் திறந்த பக்கங்களை, மூடிய பின் எம்முறையாலும் உலாவி திருப்பித் தராது. அதன் நோக்கமே ஒன்றையும் குறித்து வையாமைதான். அவ்வாறே, மூடும்போதெல்லாம் வரலாற்றைத் துடைத்துவிடும்படி அமைத்திருந்தாலும் மீட்பதற்கு ஒன்றும் இராது.

முன்கூட்டிச் செய்ய வேண்டுவன

மீட்பது மருத்துவம், சேமிப்பது பத்தியம். பத்தியமாக இருப்பவருக்கு மருத்துவச் செலவு குறையும்.

உலாவியின் அமைப்புகள் பக்கத்தில், திறக்கும்போது எதைக் காட்ட வேண்டும் என்றொரு பகுதி உண்டு. அங்கே, முன்பு விட்ட இடத்திலிருந்து தொடர்வதைத் தேர்ந்தெடுத்தால், ஒவ்வொரு முறையும் பழைய டேப்கள் தாமே திறக்கும். ஒருவர் மட்டுமே கையாளும் கணிப்பொறிக்கு இது பெரிதும் ஏற்றது. பலர் கையாளும் கணிப்பொறிக்கு இது ஏலாது என்பதைப் பின்னர்க் காட்டுவோம்.

இதனினும் உறுதியான முறை ஒன்றுண்டு. கன்ட்ரோல், ஷிஃப்ட் இரண்டையும் அழுத்திக்கொண்டு நான்காம் எழுத்தாகிய ‘டி’யைத் தட்டினால், திறந்திருக்கும் எல்லா டேப்களையும் ஒரே உறையில் புக்மார்க்காகச் சேர்த்துக்கொள்ளலாம். உறைக்குப் பெயர் கேட்கும்போது, வேலையையும் நாளையும் இணைத்து, ‘நூல் கொள்முதல், ஜூன் 12’ என்பது போல் எழுதுக. பெயரில்லாத உறை, தலைப்பெழுதாத பேரேட்டுப் பக்கம் போன்றது. திறந்த டேப்கள் சிட்டாவுக்கு ஒப்பானவை. புக்மார்க்குகள் பேரேட்டுக்கு ஒப்பானவை. அன்றன்றைய சிட்டாவை மாலையில் பேரேற்றாத கணக்கரை எந்தச் சங்கமும் பாராட்டுவதில்லை.

புக்மார்க்குகள் அனைத்தையும் ஒரே கோப்பாக வெளியே எடுத்து வைக்கும் வசதியும் அவற்றை நிர்வகிக்கும் பக்கத்தில் உண்டு. மாதம் ஒரு முறை அக்கோப்பைப் பென் டிரைவில் பிரதி செய்து பெட்டியில் வைத்தால், கணிப்பொறியே பழுதாகிப் போனாலும் முகவரிகள் போகா.

எழுதிய எழுத்துகளைக் காக்கும் முறை வேறு. நீண்ட விண்ணப்பமாயின் அங்கத்தினர் பெயர், கணக்கு எண், தறி விவரம் அல்லது நில விவரம் ஆகியவற்றை முதலில் தனிக் கோப்பில் எழுதிச் சேமித்துக்கொண்டு, பின்னர் விண்ணப்பப் பக்கத்தில் இடுக. வரைவாகச் சேமிக்கும் பொத்தான் தளத்தில் இருந்தால் ஒவ்வொரு பகுதி முடிந்ததும் அதனை அழுத்துக. விண்ணப்பம் சென்று சேர்ந்ததும் ஒப்புகை எண்ணை அப்போதே சங்கப் பதிவேட்டில் மையால் எழுதி, ஒப்புகைப் பக்கத்தையும் பி.டி.எஃப். கோப்பாகச் சேமிக்க. ஒப்புகைப் பக்கத்தை டேப்பாகத் திறந்து வைத்திருப்பது சான்றாகாது.

இவ்வொழுங்கு நம் செட்டிநாட்டுக்குப் புதிதன்று. பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் கடை வைத்திருந்த நகரத்தார், அங்குள்ள கடையை நடத்தச் சம்பளத்துக்கு ஏஜெண்டுகளை அனுப்பினர். ஒருவருடைய காலம் பெரும்பாலும் மூன்றாண்டுகள். அது முடிந்ததும் அவர் ஊர் திரும்ப, அடுத்தவர் கடலைக் கடந்து சென்று அவ்விடத்தில் அமர்வார். ஆள் மாறியதால் கடையை முதலிலிருந்து தொடங்க நேர்ந்ததில்லை. கொடுத்தது, வாங்கியது, நிற்பது அனைத்தும் ஏட்டில் இருந்தன. புதியவர் ஏட்டைப் பிரித்து, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். முன்னவரின் நினைவில் மட்டும் கணக்கு இருந்திருந்தால் அவரோடு அதுவும் கப்பலேறியிருக்கும். நம் எழுத்தர் விடுப்பில் சென்றாலும் மாற்றலாகிச் சென்றாலும் சங்க வேலை தொடர வேண்டுமாயின், அவருடைய உலாவியில் மட்டும் திறந்து கிடக்கும் பக்கங்களை நம்பியிருத்தல் தகாது.

பிறர் செயலியை நம்புவதில் எச்சரிக்கை

நிற்க. டேப்களைக் காப்பதற்கென்றே உலாவியோடு சேர்க்கும் துணைச் செயலிகள் பல உண்டு. அவற்றுட் சில நற்பயன் தருவன. ஆயினும் ஓர் உண்மை நிகழ்ச்சியை அங்கத்தினர்கள் அறிந்திருத்தல் வேண்டும்.

தி கிரேட் சஸ்பெண்டர் என்னும் துணைச் செயலி, குரோம் உலாவியில் நெடுநேரம் பாராத டேப்களை உறங்க வைத்துக் கணிப்பொறியின் சுமையைக் குறைத்தது. உலகெங்கும் ஏறத்தாழ இருபது இலட்சம் பேர் அதனை உபயோகித்தனர். 2020 இல் அதன் உரிமை வேறு கைக்கு மாறியது. 2021 ஆம் ஆண்டு பிப்ரவரியில், அதில் தீங்கு விளைக்கும் நிரல் இருப்பதாகக் கூறிக் கூகுள் நிறுவனம் அதனை நிறுத்திவிட்டது. அந்த நொடியில், அச்செயலி உறங்க வைத்திருந்த டேப்கள் திறவாமற் போயின. அவற்றின் முகவரிகள் அச்செயலியின் முகவரிக்குள் பொதிந்து கிடந்ததே காரணம். விவரம் அறிந்தோர், வரலாற்றுப் பட்டியலில் தேடி, அந்நீண்ட முகவரிகளின் கடைப் பகுதியிலிருந்த உண்மை முகவரியைப் பிரித்தெடுத்தனர். அறியாதோர் இழந்தனர்.

இதனால் பெறப்படுவது யாது? ஒருவரிடம் காவலுக்குக் கொடுத்த பொருளின் பட்டியல் நம்மிடமும் ஒன்று இருக்க வேண்டும். துணைச் செயலியை உபயோகிப்போரும் புக்மார்க்குகளை விட்டுவிடலாகாது. மேலும், சங்கக் கணிப்பொறியில் எச்செயலியைச் சேர்ப்பதும் காரியதரிசியின் அனுமதியோடு நடைபெற வேண்டும்.

பொதுக் கணிப்பொறியில் மீட்பே தீங்காகும் இடம்

இதுகாறும் சேமிப்பின் நன்மையைக் கூறினோம். அதன் மறுபுறத்தையும் கூறாவிடில் பாடம் முழுமையுறாது.

அங்கத்தினர் ஒருவர், தம் மகளின் கல்லூரிக் கட்டணம் செலுத்துவதற்குச் சங்கக் கணிப்பொறியில் மின்னஞ்சலையும் வங்கிப் பக்கத்தையும் திறக்கிறார் என்று கொள்வோம். வேலை முடிந்ததும் முறைப்படி வெளியேறாமல் சாளரத்தை மட்டும் மூடிச் செல்கிறார். அவ்வுலாவியோ விட்ட இடத்திலிருந்து தொடரும்படி அமைக்கப்பட்டிருக்கிறது. அத்தகைய அமைப்பில், மூடியதும் அழிய வேண்டிய குக்கிகளையும் உலாவி வைத்துக்கொள்ளும். மறுநாள் எவரேனும் அதைத் திறந்தால் அவருடைய மின்னஞ்சல், கடவுச்சொல் கேளாமலே விரியக்கூடும். வங்கிகள் சீட்டை விரைவில் செல்லாததாக்கிவிடும். மின்னஞ்சல் தளங்களோ நாட்கணக்கில் ஏற்றுக்கொள்ளும். மின்னஞ்சல் ஒன்று பிறர் கையிற் சிக்கினால் அதன் வழியாகப் பிற கணக்குகளின் கடவுச்சொற்களையும் மாற்றிவிட முடியும் என்பதை மறத்தலாகாது.

ஆதலின் பலர் கையாளும் கணிப்பொறிக்கு நான்கு விதிகளைக் கூறுவோம். ஒன்று, விட்ட இடத்திலிருந்து தொடரும் அமைப்பை அங்கே வைக்கலாகாது. சங்க வேலைக்கான பக்கங்களைப் புக்மார்க் உறையிலிருந்து திறந்துகொள்க. இரண்டு, சொந்த வேலைக்கு வரும் அங்கத்தினர் விருந்தினர் சாளரத்தையோ மறைநிலைச் சாளரத்தையோ உபயோகிக்க. மூன்று, எத்தளமாயினும் வெளியேறும் பொத்தானை அழுத்திய பின்னரே சாளரத்தை மூடுக. நான்கு, கடவுச்சொல்லைச் சேமிக்கட்டுமா என்று உலாவி கேட்டால் வேண்டாம் என்க.

முடிவாக ஒன்று. அறுபது பக்கங்களைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒன்றையும் மூட மனமின்றி இருப்போர் நம்மிலும் உளர். மூடினால் மறந்துவிடுவோம் என்னும் அச்சமே அதற்குக் காரணம். வேண்டியதைப் பெயரிட்டுச் சேமித்தவருக்கு அவ்வச்சம் இல்லை. அவர் மாலையில் உலாவியை அமைதியாக மூடிவிட்டு வீடு செல்வார். அவர் வாராத நாளில் மற்றொருவர் வந்து அவ்வேலையைத் தொடர்வார். ஒருவர் விட்ட இடத்தில் மற்றொருவர் தொடர்வதே கூட்டுறவு. விண்ணப்பத்தில் விடுபட்ட அவ்விரு நெசவாளரை நினைவில் வைத்து, இன்று மாலையே நம் சங்கக் கணிப்பொறியில் முதல் உறையைத் தொடங்குவோமாக.

பயிற்சி வினாக்கள்

1. அமர்வை மீட்கும்போது உலாவி திருப்பித் தருவன எவை? திருப்பித் தர இயலாதன எவை?

2. மின்சாரம் நின்று மீண்ட பின் உலாவியில் முதலில் செய்ய வேண்டுவது யாது? செய்யத் தகாதது யாது?

3. உங்கள் சங்கத்தில் இன்று திறந்திருக்கும் பக்கங்களை எண்ணுக. அவற்றுள் பேரேற்ற வேண்டியவை எத்தனை? மூடிவிடத் தக்கவை எத்தனை?

4. உங்கள் சங்கக் கணிப்பொறியைக் கையாள்வோர் எத்தனை பேர்? அதற்கேற்ற அமைப்பு யாது என்பதை அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் எடுத்துரைக்க.